சாட் பெட்டியின் கணக்கும் அனலிட்டிக்ஸின் கணக்கும்

வெப்சைட் வைத்து வியாபாரம் செய்யும் இடங்களில் மாதக் கடைசியில் அடிக்கடி வரும் தகராறு இது. விளம்பர வேலையைக் கவனிப்பவர், தளத்துக்கு வருபவர்களை எண்ணும் கருவியான கூகுள் அனலிட்டிக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, "இந்த மாதம் என்கொயரி ரொம்பக் குறைவு" என்பார். சாட்டில் உட்கார்ந்து பதில் சொல்பவருக்குக் கோபம் வரும். "என்ன சார், நாள் முழுக்க நான் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்?" என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. முதலாமவர் எண்ணுவது ஃபார்ம் நிரப்பியவர்களை. இரண்டாமவர் எண்ணுவது வலது கீழ் மூலையில் இருக்கும் சாட் பெட்டியில் தட்டச்சு செய்தவர்களை. இந்த இரண்டு கணக்கும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. எந்த விளம்பரத்துக்குப் பணம் போடுவது, எதை நிறுத்துவது என்ற முடிவு மட்டும் முதல் கணக்கை வைத்து நடந்துகொண்டிருக்கும்.

இரண்டையும் இணைப்பது பெரிய வேலையில்லை. தெரிந்தவர் உட்கார்ந்தால் அரை நாளில் முடித்துவிடுவார். சாட்டில் நடக்கும் எந்த நிகழ்வை 'கன்வெர்ஷன்' (வந்தவர் நமக்கு வேண்டியதைச் செய்துவிட்ட தருணம்) என்று எண்ணுவது என்பதுதான் கஷ்டமான கேள்வி. பல இடங்களில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. கருவி தானாக எதை அனுப்புகிறதோ அதையே எண்ணிக்கொள்கிறார்கள்.

சாட் ஏன் இப்படிக் கணக்கில் வராமல் போனது என்பதற்குக் கொஞ்சம் பின்கதை இருக்கிறது. கூகுள் 2005இல் அர்ச்சின் என்ற நிறுவனத்தை வாங்கி, அதே ஆண்டு நவம்பரில் அனலிட்டிக்ஸை வெளியிட்டது. அன்றைய வெப்சைட் என்றால் பக்கங்கள்தான். ஒரு பக்கம் திறந்தால் ஓர் எண்ணிக்கை. அதனால் கன்வெர்ஷனையும் பக்கத்தை வைத்தே பிடித்தார்கள். ஃபார்மை நிரப்பியதும் 'நன்றி, விரைவில் தொடர்புகொள்கிறோம்' என்று தனிப் பக்கம் வரும். அந்தப் பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்த்தால் போதும். சாட்டில் இந்த வழி செல்லாது. ஒருவர் பெட்டியைத் திறக்கிறார், விலை கேட்கிறார், போன் நம்பர் கொடுக்கிறார், மூடிவிட்டுப் போகிறார். இவ்வளவும் நடந்து முடியும்போது மேலே முகவரிப் பட்டையில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. பக்கத்தை எண்ணும் கருவிக்கு அங்கே எதுவுமே நடக்கவில்லை.

சரி, பக்கம் மாறாவிட்டால் கிளிக்கைப் பிடிக்கலாமே என்று தோன்றும். அங்கேயும் ஒரு தடுப்பு இருக்கிறது. சாட் பெட்டி உங்கள் பக்கத்தில் தெரிந்தாலும் பெரும்பாலும் அது உங்கள் பக்கத்தைச் சேர்ந்ததில்லை. ஐஃப்ரேம் என்ற ஜன்னல் வழியாக சாட் நிறுவனத்தின் சர்வரிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கும். ஒரு டொமைனில் ஓடும் ஸ்கிரிப்ட் இன்னொரு டொமைனின் ஐஃப்ரேமுக்குள் எட்டிப் பார்க்க பிரவுசர் விடாது. இது பாதுகாப்புக்கான அடிப்படை விதி. இந்த விதி இல்லையென்றால், பக்கத்தில் ஒட்டியிருக்கும் பேமென்ட் பெட்டியில் நீங்கள் அடிக்கும் கார்டு நம்பரை யார் வேண்டுமானாலும் படித்துவிடலாம். ஆகவே பக்கத்தில் நடப்பதைப் பிடித்து அனலிட்டிக்ஸுக்கு அனுப்பும் கூகுள் டேக் மேனேஜரில் 'எல்லா கிளிக்கும்' என்று ட்ரிக்கர் (எப்போது அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனை) வைத்துவிட்டு, சாட் பெட்டிக்குள் 'அனுப்பு' பொத்தானை எத்தனை முறை அழுத்திப் பார்த்தாலும் அதன் சோதனைத் திரையான பிரிவியூவில் ஒன்றும் வராது. ட்ரிக்கர் தப்பாகி இருக்காது. அந்த கிளிக் உங்கள் பக்கத்தில் நடக்கவே இல்லை.

உள்ளே பார்க்க முடியாது என்பதால், உள்ளே இருப்பவர்தான் வெளியே சொல்ல வேண்டும். பெயர்பெற்ற சாட் கருவிகள் பலவும் இதற்கு வழி வைத்திருக்கின்றன. டாக்.டூ என்ற இலவசக் கருவியை எடுத்துக்கொண்டால், அதன் ஜாவாஸ்கிரிப்ட் ஏபிஐயில் (நம் ஸ்கிரிப்ட்டோடு அது பேசும் வழி) சாட் தொடங்கியபோது, வருகையாளர் மெசேஜ் அனுப்பியபோது, பேச்சுக்கு முன் வரும் படிவத்தை நிரப்பியபோது, ஆள் இல்லாத நேரத்தில் ஆஃப்லைன் மெசேஜ் விட்டபோது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அழைப்பு உண்டு. சென்னையிலிருந்து வளர்ந்த ஜோஹோவின் சேல்ஸ்ஐகியூவிலும், ஃப்ரெஷ்வொர்க்ஸின் ஃப்ரெஷ்சாட்டிலும் இதேபோன்ற வசதிகள் இருக்கின்றன. ஃப்ரெஷ்சாட்டின் வேரும் சென்னைதான். 2015இல் ஃப்ரெஷ்டெஸ்க் வாங்கிய கொனோட்டர் என்ற நிறுவனத்தின் கருவியிலிருந்து வந்தது அது.

வேலை நடக்கும் விதம் இது. பக்கத்தில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் காத்திருக்கும். சாட் கருவி 'வருகையாளர் மெசேஜ் அனுப்பிவிட்டார்' என்று குரல் கொடுத்ததும், அது டேட்டாலேயர் என்ற பொதுப் பலகையில் ஒரு பெயரை எழுதிப் போடும். டேக் மேனேஜர் அந்தப் பெயரைக் கண்டதும் அனலிட்டிக்ஸுக்கு ஓர் ஈவென்ட்டை, அதாவது 'இது நடந்தது' என்ற குறிப்பை, அனுப்பும். அவ்வளவுதான். தடுக்கி விழும் இடம் நேரம். சாட் கருவி பக்கம் திறந்த பிறகு மெதுவாகத்தான் இறங்கும். நம் ஸ்கிரிப்ட் அவசரப்பட்டு முன்னாலேயே ஓடி, இன்னும் வராத ஒன்றிடம் காது வைத்தால் எதுவும் கேட்காது. சில நாள் வேலை செய்கிறது, சில நாள் செய்யவில்லை என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த வரிசையைத்தான்.

பழைய தளங்களில் இன்னொரு சங்கதி உண்டு. 2023 ஜூலை 1ஆம் தேதி அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பான யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் புதுத் தகவல் வாங்குவதை நிறுத்தியது. அதற்கு முன்பு எழுதிய சாட் இணைப்புகள், கேட்டகரி, ஆக்ஷன், லேபிள் என்ற பழைய முறையில் ஈவென்ட் அனுப்பிக்கொண்டிருந்தன. அந்த வரிகள் பல தளங்களில் இன்னும் அப்படியே கிடக்கின்றன. பக்கம் நன்றாகத் திறக்கும், சாட் நன்றாக ஓடும், கணக்கு மட்டும் எங்கும் போய்ச் சேராது. புதிய பதிப்பான ஜிஏ4இல் (கூகுள் அனலிட்டிக்ஸ் 4) எல்லாமே ஈவென்ட்தான், பக்கம் திறப்பதுகூட ஓர் ஈவென்ட். சாட்டுக்கு இது நல்ல செய்தி. ஃபார்மும் சாட்டும் ஒரே தகுதியில் உட்காருகின்றன. 2024 மார்ச்சில் கூகுள் பெயரையும் மாற்றியது. அனலிட்டிக்ஸுக்குள் முக்கியமென்று நாம் குறிக்கும் ஈவென்ட்டுக்கு 'கீ ஈவென்ட்' என்று பெயர். கன்வெர்ஷன் என்ற சொல் விளம்பரம் கொடுக்கும் இடமான கூகுள் ஆட்ஸ் பக்கம் போய்விட்டது.

இப்போது கஷ்டமான கேள்விக்கு வருவோம். வெட் கிரைண்டர் விற்கும் ஒரு தளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஒருவர் கூகுள் விளம்பரத்தை அழுத்தி 2 லிட்டர் கிரைண்டர் பக்கத்துக்கு வருகிறார். பத்து விநாடியில் சாட் பெட்டி தானாக எழும்பி, "வணக்கம்! ஏதாவது உதவி வேண்டுமா?" என்கிறது. அவர் அதை மூடுகிறார். கீழே போகிறார், வாரன்டி எத்தனை வருடம் என்று தேடுகிறார், கிடைக்கவில்லை. தானே பெட்டியைத் திறக்கிறார். "கல் தனியா கிடைக்குமா?" என்று கேட்கிறார். பதில் சொல்ல ஆள் இல்லை. 'உங்கள் எண்ணை விடுங்கள்' என்று படிவம் வருகிறது. எண்ணைக் கொடுக்கிறார். மறுநாள் காலை கடையிலிருந்து போன் போகிறது. அவருக்கு வேண்டியது புதுக் கிரைண்டர் இல்லை, ஏற்கெனவே வீட்டில் இருக்கும் கிரைண்டருக்குக் கல்.

இந்த ஒரு வருகையில் பெட்டி தெரிந்தது, தானாக எழுந்தது, மூடப்பட்டது, திறக்கப்பட்டது, மெசேஜ் போனது, எண் வந்தது, போன் பேசப்பட்டது என்று ஏழு நிகழ்வுகள் இருக்கின்றன. எதை எண்ணுவீர்கள்? கருவியைப் பொறுத்து, தானாக எழுந்த வணக்கத்தையே 'சாட் தொடங்கியது' என்று எடுத்துக்கொள்ளும் அமைப்பும் உண்டு. அப்படி வைத்துவிட்டால், தளத்துக்கு வந்த எல்லாருமே பத்து விநாடி தாண்டினால் கன்வெர்ஷன். கிராஃப் செங்குத்தாக ஏறும். மீட்டிங்கில் கைதட்டல்கூட விழும். கல்லாவில் ஒரு ரூபாய் கூடியிருக்காது.

என் அபிப்பிராயத்தில், பெட்டி திறந்ததை எண்ணவே வேண்டாம், வேடிக்கைக்கு வேண்டுமானால் சாதாரண ஈவென்ட்டாக அனுப்பலாம். வருகையாளர் தன் கையால் முதல் மெசேஜ் அனுப்பியதை ஓர் ஈவென்ட்டாக வைக்கலாம், ஆனால் கீ ஈவென்ட்டாகக் குறிக்க வேண்டியதில்லை. தொடர்புகொள்ள வழி கிடைத்த தருணம், அதாவது போன் நம்பரோ மெயிலோ வந்ததுதான் கீ ஈவென்ட். அதற்கு கூகுளே 'ஜெனரேட்_லீட்' என்று ஒரு பெயரைப் பரிந்துரைக்கிறது, ஃபார்முக்கும் சாட்டுக்கும் அதையே பயன்படுத்திவிட்டு, எந்த வழியாக வந்தது என்பதை ஒரு பாராமீட்டரில் (ஈவென்ட்டோடு போகும் கூடுதல் விவரம்) வைத்தால் இரண்டையும் சேர்த்தும் பார்க்கலாம், பிரித்தும் பார்க்கலாம். பாராமீட்டரை அனுப்பினால் மட்டும் போதாது. அதை அனலிட்டிக்ஸில் கஸ்டம் டைமென்ஷன் என்ற நம் சொந்தத் தலைப்பாகப் பதிவு செய்தால்தான் ரிப்போர்ட்டில் வரும். பதிவு செய்த நாளிலிருந்துதான் வரும், பழையது திரும்பக் கிடைக்காது. கீ ஈவென்ட் குறிப்பதற்கும் இதே விதிதான். ஆகவே இதை முதல் நாளே செய்துவிடுவது நல்லது.

கல் கேட்டவரை என்ன செய்வது? அவரும் எண்ணைக் கொடுத்திருக்கிறாரே. இங்கேதான் சாட், ஃபார்மிலிருந்து வேறுபடுகிறது. விற்பனை ஃபார்மை நிரப்புபவர் பெரும்பாலும் வாங்க வந்தவர். சாட்டுக்கு வருபவர்களில் ஏற்கெனவே வாங்கியவர்கள் நிறைய இருப்பார்கள். பெல்ட் அறுந்தது, சர்வீஸ் சென்டர் எங்கே, ஆர்டர் எப்போது வரும். இவர்களையும் கன்வெர்ஷனில் சேர்த்து, அந்த எண்ணிக்கையை கூகுள் ஆட்ஸுக்கு அனுப்பி, விளம்பரத்துக்கான விலையை கூகுளே முடிவு செய்யும் தானியங்கி ஏலமும் போட்டுவைத்திருந்தால் நிலைமை விபரீதமாகும். எப்படிப்பட்டவர்கள் 'கன்வெர்ட்' ஆகிறார்கள் என்று அந்த இயந்திரம் கற்றுக்கொண்டு, அதே மாதிரி ஆட்களைத் தேடித் தேடிக் கொண்டுவரும். பெல்ட் அறுந்தவர்களைக் காசு கொடுத்து வரவழைக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் டாஷ்போர்டில் எல்லாம் பச்சையாக இருக்கும். தடுப்பதற்கு எளிய வழி, பேச்சு தொடங்கும் முன் 'புதிதாக வாங்க', 'சர்வீஸ்' என்று இரண்டு பொத்தான் வைப்பது. எதை அழுத்தினார் என்பதையும் பாராமீட்டராக அனுப்பி, முதல் பொத்தானுக்கு மட்டும் கீ ஈவென்ட் போகும்படி ட்ரிக்கர் வைத்தால் போதும்.

எண்ணை வாங்கியதும் சிலர் அந்த எண்ணையே அனலிட்டிக்ஸுக்கு அனுப்பிவிடுகிறார்கள், 'யார் என்று தெரிந்தால் நல்லதுதானே' என்று. இது கூடவே கூடாது. ஆளை அடையாளம் காட்டும் போன் நம்பர், மெயில் முகவரி போன்றவற்றை அனலிட்டிக்ஸுக்கு அனுப்பக் கூடாது என்பது கூகுளின் விதி. அது ஒருபுறம் இருக்க, இந்தியாவில் 2023இல் தனிநபர் டிஜிட்டல் தகவல் பாதுகாப்புச் சட்டமும் வந்திருக்கிறது. கடைக்காரரிடம் பேசத்தான் எண்ணைக் கொடுத்தார், அது எங்கெங்கோ போகட்டும் என்று கொடுக்கவில்லை. மெசேஜின் வாசகத்தை அப்படியே பாராமீட்டராக அனுப்புவதும் இதே தவறுதான். எண் பெரும்பாலும் அந்த வாசகத்துக்குள்தான் இருக்கும்.

இரட்டை எண்ணிக்கைக்கு வருவோம். சாட் கருவியின் செட்டிங்ஸில் 'கூகுள் அனலிட்டிக்ஸுடன் இணை' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். யாரோ ஒருவர் எப்போதோ அதைப் போட்டிருப்பார். பிறகு வந்தவர் டேக் மேனேஜரிலும் இணைத்திருப்பார். ஒரே சாட் இரண்டு பெயரில் இரண்டு முறை போகும். இன்னொரு காரணமும் உண்டு. வருகையாளர் அடுத்த பக்கத்துக்குப் போனால் சாட் பெட்டியும் புதிதாக இறங்கும். பழைய பேச்சைத் தொடரும்போதும் சில கருவிகள் 'சாட் தொடங்கியது' என்று மறுபடி குரல் கொடுக்கும். இப்படி மறுபடி எண்ணுவதைத் தவிர்க்க உதவும்படி, ஜிஏ4இல் கீ ஈவென்ட்டை 'ஒவ்வொரு ஈவென்ட்டுக்கும்', 'ஒரு செஷனுக்கு (ஒரு வருகைக்கு) ஒருமுறை' என்று இரண்டு விதமாக எண்ணும் வசதி உண்டு. விற்பனைக்கு முதலாவது சரி. சாட்டுக்கு இரண்டாவதுதான் பொருந்தும்.

இவ்வளவும் செய்த பிறகும் இரண்டு கணக்கும் ஒத்துவராது. ஒத்துவரவே வராது என்று முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது உத்தமம். விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களின் பிரவுசரில் அனலிட்டிக்ஸ் பெரும்பாலும் ஓடாது, சாட் ஓடலாம். ஆளை நினைவில் வைக்க பிரவுசரில் போடும் குறிப்பான குக்கி வேண்டாம் என்றவர்களும் அப்படித்தான். சாட் கருவியின் டைம்ஸோன் வேறாக இருந்தால் சில சாட்கள் வேறு நாள் கணக்கில் விழும். சாட்டில் ஒருவர் அரை மணி நேரத்துக்கு மேல் பதிலுக்குக் காத்திருந்து, பிறகு எண்ணைக் கொடுத்தால் அனலிட்டிக்ஸுக்கு அது புது செஷன், ஏனென்றால் 30 நிமிடம் சலனமில்லாவிட்டால் செஷன் முடிந்ததாகவே அது எடுத்துக்கொள்ளும். அந்தப் புது செஷனில் பக்கம் எதுவும் திறக்கப்பட்டிருக்காது. முதலில் வந்து இறங்கிய பக்கத்தைக் காட்டும் லேண்டிங் பேஜ் ரிப்போர்ட்டில் 'நாட் செட்' என்று வந்து எரிச்சலூட்டும் வரிக்கு இதுவும் ஒரு காரணம். ஐபோன்காரர்கள் தனிக் கதை. ஸ்கிரிப்ட் வைக்கும் குக்கியை ஐபோனின் பிரவுசரான சஃபாரி ஏழு நாளுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. இன்று சாட்டில் பேசிவிட்டு இரண்டு வாரம் கழித்து வந்து வாங்குபவர் அனலிட்டிக்ஸுக்குப் புது ஆள். எத்தனை பேர் பேசினார்கள் என்பதற்கு சாட் கருவியின் எண்ணை நம்புங்கள். எந்த விளம்பரம், எந்தப் பக்கம் அவர்களைக் கொண்டுவந்தது என்பதற்கு அனலிட்டிக்ஸைப் பாருங்கள். இடைவெளி மாதாமாதம் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் கவலையில்லை. திடீரென்று விரிந்தால் எங்கோ டேக் அறுந்திருக்கிறது.

நம் ஊரில் பாதிப் பேருக்கு சாட் என்றாலே வாட்ஸ்அப்தான். பச்சைப் பொத்தானை அழுத்தினால் வாட்ஸ்அப் செயலி திறக்கும். இதில் ஒரு வசதி, ஒரு இழப்பு. பொத்தான் நம் பக்கத்திலேயே இருப்பதால் ஐஃப்ரேம் தொல்லை இல்லை. வெளித்தளத்துக்குப் போகும் கிளிக் என்று ஜிஏ4 தானாகவே அதைப் பிடித்துக்கொள்ளும், என்ஹான்ஸ்டு மெஷர்மென்ட் என்ற செட்டிங் ஆன் ஆகியிருந்தால். ஆனால் அழுத்தியதோடு அனலிட்டிக்ஸின் பார்வை முடிந்தது. அழுத்தியவர் மெசேஜ் அனுப்பினாரா, வாட்ஸ்அப் திறந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாரா, தெரியாது. வாட்ஸ்அப் லிங்க்கிலேயே முன்கூட்டி ஒரு வாசகத்தை வைக்க முடியும் என்பதை இதற்குப் பயன்படுத்தலாம். '2 லிட்டர் கிரைண்டர் பற்றிக் கேட்க வேண்டும் (கே2)' என்று பக்கத்துக்கு ஒரு குறி. அவர் அனுப்பு பொத்தானை அழுத்தினால் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பது மெசேஜிலேயே இருக்கும். சிலர் அழித்துவிட்டு 'ஹாய்' என்று மட்டும் அனுப்புவார்கள், அது அவர்கள் சௌகரியம்.

பேசியவர் வாங்கினாரா என்பதுதான் கடைசிக் கேள்வி. பணம் ஜிபேயிலோ கடைக் கல்லாவிலோ வந்திருக்கும், வெப்சைட்டுக்கு அது தெரியவே தெரியாது. இதற்கும் வழி இருக்கிறது. அனலிட்டிக்ஸ் ஒவ்வொரு பிரவுசருக்கும் கிளையன்ட் ஐடி என்று ஓர் எண் கொடுத்து வைத்திருக்கும். சாட் தொடங்கும்போது அதை எடுத்து வாடிக்கையாளர் பதிவோடு சேர்த்துவைத்தால், விற்பனை முடிந்ததும் மெஷர்மென்ட் புரோட்டோகால் என்ற வழியில், பிரவுசர் இல்லாமல் நம் சர்வரிலிருந்தே ஈவென்ட் அனுப்பலாம். ஆனால் ஈவென்ட்டின் தேதியை 72 மணி நேரம்தான் பின்னுக்குப் போட முடியும். இன்னொரு எரிச்சல், வடிவம் தப்பாக அனுப்பினாலும் அது எதிர்த்துப் பேசாது, வாங்கிக்கொண்டு தூக்கிப் போட்டுவிடும். கூகுள் விளம்பரம் கொடுப்பவர்களுக்கு இதைவிட நேரான பாதை, விளம்பர கிளிக்கோடு வரும் அடையாளத்தைச் சேமித்து, விற்றவற்றை மட்டும் கூகுள் ஆட்ஸில் ஏற்றுவது. அதற்கு கிளிக் நடந்து 90 நாள் வரை அவகாசம் உண்டு. மனை, சோலார் பேனல் என்று முடிவெடுக்க வாரக்கணக்கில் ஆகும் வியாபாரங்களுக்கு இது இல்லாமல் முடியாது.

இணைப்பு எல்லாம் சரியாக ஓடத் தொடங்கியதும் ஒரு வரைபடம் கிடைக்கும். சாட்டில் பேசியவர்கள் பேசாதவர்களைவிடப் பல மடங்கு அதிகம் வாங்குகிறார்கள் என்று அது காட்டும். சாட் விற்கும் நிறுவனங்கள் விரும்பிக் காட்டும் படமும் அதுதான். சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். வாங்கலாம் என்று பாதி முடிவெடுத்தவர்தான் மெனக்கெட்டுப் பெட்டியைத் திறந்து கேள்வி கேட்கிறார். சாட் அவரை வாங்கவைத்ததா, வாங்க வந்தவர் வழியில் சாட்டைத் தொட்டுவிட்டுப் போனாரா என்பதை இந்தப் படம் பிரித்துக் காட்டாது. பிரிக்க வேண்டுமென்றால் வருகையாளர்களில் பாதிப் பேருக்குக் குலுக்கல் முறையில் சாட் பெட்டியையே காட்டாமல் சில வாரம் ஓட்ட வேண்டும். இரண்டு பக்கத்திலும் மொத்த ஆர்டர் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். சாட் வழி வந்த ஆர்டரை மட்டும் பார்த்தால் பயனில்லை. ஒரு நாளைக்கு நாலைந்து ஆர்டர் வரும் கடைக்கு இந்தச் சோதனையில் தெளிவு கிடைக்க மாதங்கள் ஆகிவிடும். சின்னக் கடைக்காரர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

அவர்கள் செய்யக்கூடியது வேறு. எந்தப் பக்கத்திலிருந்து அதிகம் சாட் வருகிறது என்று அனலிட்டிக்ஸில் பார்த்து, அந்தப் பக்கத்தின் சாட்களைத் திறந்து வரிசையாகப் படிப்பது. ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். வாரன்டி எத்தனை வருடம், டெலிவரிக்கு எத்தனை நாள், கல் தனியாகக் கிடைக்குமா. பதிலைப் பக்கத்திலேயே கண்ணில் படும்படி போட்டுவிட்டால் கேள்வி குறையும். கேள்வி குறைந்தால் சாட் கீ ஈவென்ட்டும் குறையும், ஆர்டர் குறையாது, கூடவும் செய்யலாம். ஜிஏ4இல் இப்போது கிராஃப் மேலேயே தேதிக்குக் குறிப்பு எழுதிவைக்கும் அனோட்டேஷன் வசதி வந்திருக்கிறது. பக்கத்தை மாற்றிய அன்றே 'வாரன்டி விவரம் சேர்த்தோம்' என்று அங்கே ஒரு வரி எழுதிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த மாத மீட்டிங்கில் "சாட் ஏன் இப்படி விழுந்துவிட்டது?" என்று கேட்பார்கள், பக்கத்தை மாற்றியது யாருக்கும் நினைவிருக்காது.